மருந்துகளும் இதயத் துடிப்பும்

மாணவர்களே, மலேரியாவுக்குக் கொடுக்கப்பட்ட குளோரோகுயின் குளிசையை வன்னியிலுள்ள உங்கள் பெற்றோர் நன்கறிவர். இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. எனினும் இக்குளிசை பற்றி அறியவேண்டிய விடயம் ஒன்றுண்டு.

இதயத் தசைக்கல மென்சவ்வில் அயன் கால்வாய்கள் எனும் நுண்ணிய புரத வாயில்கள் உள்ளன.

• சோடியம் அயன் உட்செல்ல, மின் கணத்தாக்கம் தொடங்கும்.
• கல்சியம் அயன் உட்செல்ல, தசை சுருங்கும்.
• பொற்றாசியம் அயன் வெளியேற, கலம் ஓய்வுநிலைக்கு மீளும்.

குளோரோகுயின் பொற்றாசியக் கால்வாயைத் தடுக்கக்கூடியது. அப்போது கலம் மீளத் தாமதமாகும், இ.சி.ஜி. வரைபில் கியூ-ரி இடைவெளி நீளும். அது மிகவும் நீண்டால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிராபத்தும் நேரலாம்.

இதனைச் சோதிப்பது எவ்வாறு? முதலில், ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் மருந்தைச் சேர்த்துக் கால்வாயினூடான மின்னோட்டத்தை அளப்பர். பின்னர் விலங்குகளிலும், இறுதியில் மனிதரிலும் இ.சி.ஜி. எடுத்து ஒப்பிடுவர். இதற்கான சர்வதேச வழிகாட்டல்கள் 2005 இல் ஏற்கப்பட்டன.

2020 இல் கொரோனாவுக்கு இம்மருந்தைப் பலர் நாடினர். பயன் காணப்படாமையாலும் இதயப் பாதிப்பு அபாயத்தாலும் அமெரிக்கா அதற்கான அவசர அனுமதியை அவ்வாண்டு யூனில் இரத்துச் செய்தது.

நினைவிற் கொள்க: ஒரு நோய்க்கு நன்மை தந்த குளிசையாயினும், வைத்தியரின் ஆலோசனையின்றி வேறு நோய்க்கு உட்கொள்ளலாகாது.

பயிற்சி வினா: பொற்றாசியக் கால்வாய் தடைப்படின் இ.சி.ஜி. வரைபில் ஏற்படும் மாற்றம் யாது? காரணம் தருக.