இரு வீட்டிலும் அந்நியன்

செல்வக் குடியிற் பிறந்தவன் வறுமையுற்று வருந்தும் கதைகள் பல உண்டு. வீட்டைத் தானாகவே உதறிவிட்டுக் கூலி வேலையில் மறைந்து வாழ்பவனின் கதை அத்துணைப் பழக்கமானதன்று. பாப் ராபெல்சன் இயக்கத்தில் 1970ஆம் ஆண்டு வெளிவந்த 'பைவ் ஈசி பீசஸ்' என்னும் அமெரிக்கப் படம் அத்தகையவனைப் பற்றியது. நாயகன் பாபி டூபியாவாக நடித்தவர் ஜாக் நிக்கல்சன்.

பாபி கலிபோர்னியாவில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி. மாலையில் பௌலிங் ஆட்டம், சீட்டு, மது. உடன் வாழும் ரேயட் சிற்றுண்டிச்சாலையில் பரிமாறுபவள். டாமி வைனட்டின் இசைத்தட்டுகளை ஓயாமல் கேட்பவள். ஒருநாள் போக்குவரத்து நெரிசலில், முன்னே நின்ற லாரியில் ஏறி, அதிலிருந்த பியானோவை வாசிக்கத் தொடங்குகிறான் பாபி. தேர்ந்த கை! இவன் யார் என்ற ஐயம் அப்போதுதான் நமக்கு எழுகிறது.

அவனது முழுப்பெயர் ராபர்ட் எரோய்க்கா டூபியா. எரோய்க்கா என்பது பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனி. சகோதரன் பெயரில் பிடேலியோ, சகோதரியோ பார்ட்டிட்டா. சட்டையை மாற்றலாம், பேச்சை மாற்றலாம்; இப்பெயரை எங்கே ஒளிப்பது?

தந்தை பக்கவாதத்தால் பேச்சிழந்ததை அறிந்து, வாஷிங்டன் மாநிலத் தீவொன்றிலுள்ள வீட்டுக்குப் போகிறான். ரேயட்டை வழியில் ஒரு விடுதியில் விட்டுவிட்டே போகிறான். அவளை அழைத்துச் செல்ல வெட்கம். பின்னர் அவள் தானே வந்து சேர, விருந்தாளி ஒருத்தி அவளை இழிவாகப் பேசியதும் சீறி எழுபவனும் அவனே. எண்ணெய் வயலில் தன் தொழிலாள நண்பனது வாழ்க்கையை ஏளனம் செய்தவன், படித்தவர் கூடத்தில் அவ்வகை மக்களுக்காகச் சண்டையிடுகிறான். இம்முரண்பாடே படத்தின் உயிர்.

சகோதரனுக்கு நிச்சயிக்கப்பட்ட கேத்தரின் கேட்டுக்கொள்ள, ஷோபேனின் சிறு பிரலூட் ஒன்றை வாசிக்கிறான். காமிரா சுவரிலுள்ள குடும்பப் படங்களின் மீது மெல்ல நகர்கிறது. கேத்தரின் உருகிப் போகிறாள். அவனோ, நினைவுக்கு வந்தவற்றுள் எளிதானதையே தேர்ந்ததாகவும், எட்டு வயதில் இதைவிட நன்றாக வாசித்ததாகவும், உள்ளே எந்த உணர்ச்சியும் எழவில்லை என்றும் கூறிவிடுகிறான். தோட்டும் ரொட்டியும் கேட்டுச் சண்டையிடும் உணவகக் காட்சியே பலரும் புகழ்வது. ஆயினும் இந்தப் பியானோக் காட்சிக்கு அது ஈடாகாது.

அவன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்பதைப் படம் விளக்குவதில்லை. பேச முடியாத தந்தையின் முன் அழுது, தான் எதையும் தேடி அலையவில்லை, தங்கினால் கெட்டுவிடும் என்றே ஒவ்வோரிடத்தையும் விட்டு ஓடுவதாகச் சொல்கிறான். காரணம் கூறாததைக் குறை என்போர் இருக்கலாம். அவனுக்கே தெரியாததைப் படம் எவ்வாறு சொல்லும்?

திரும்பும் வழியில், ஒரு பெட்ரோல் நிலையத்தில், கருவுற்ற ரேயட்டிடம் பணப்பையைக் கொடுத்துவிட்டு, மேலங்கியையும் விட்டு, வடக்கே செல்லும் மர லாரியில் ஏறிக்கொள்கிறான். போகுமிடம் கடுங்குளிர் என்கிறான் ஓட்டுநர். லாரி புறப்பட்ட பின்னும் ரேயட் அங்குமிங்கும் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.