இரண்டரை மணி நேரம் வட்டமடித்த விமானம்!

குழந்தைகளே, 2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று ஆயுத பூஜை. ஊரெங்கும் பேருந்து, லாரி, ஆட்டோ எல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி நின்ற நாள்.

அன்று மாலை ஐந்தே முக்கால் மணி அளவில், திருச்சி விமான நிலையத்தில் இருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று சார்ஜாவுக்குக் கிளம்பியது. அது போயிங் 737 ரக ஜெட் விமானம். சுமார் 140 பயணிகள் இருந்தார்கள். மேலே ஏறிய சிறிது நேரத்திலேயே, விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு என்று விமானிகளுக்குத் தெரிந்தது.

உடனே திரும்பி வந்து இறங்கினார்களா? இல்லை! திருச்சி வட்டாரத்து வானத்திலேயே விமானம் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரமும் ஆயிற்று. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் தயாராக நின்றன. செய்தி பரவி, தமிழ்நாடு முழுவதும் மக்கள் தொலைக்காட்சி முன் கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இரவு எட்டேகால் மணி அளவில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஒருவருக்கும் காயம் இல்லை.

"கோளாறு என்று தெரிந்த பிறகும் ஏன் இவ்வளவு நேரம் சுற்ற வேண்டும்?" என்று அன்று பலரும் கேட்டார்கள். உங்களுக்கும் அந்தச் சந்தேகம் வரும். அதற்கு விடை தெரிய வேண்டுமானால், ஒரு விமானி தன் விமானத்தை எப்படிப் புரிந்து வைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

ஹைட்ராலிக் என்றால் என்ன?

ஜே.சி.பி. இயந்திரம் மண் அள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய கையைத் தூக்குவது எது? அதன் ஓரத்தில் பளபளவென்று நீண்டு சுருங்கும் குழல்களும், அவற்றுக்குள் இருக்கும் எண்ணெயும்தான். மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால், அந்த அழுத்தம் மறு முனைக்கு அப்படியே போய்ச் சேரும். இதைக் கண்டு சொன்னவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பாஸ்கல். ஏறக்குறைய 370 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்.

நீலகிரிக் குழந்தைகளுக்குக் குழாயின் பலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் எமரால்டு அணையின் தண்ணீர், மலைக்குள் குடைந்த சுரங்கத்திலும் ராட்சதக் குழாய்களிலும் இறங்கித்தான் குந்தா மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. குழாய்க்குள் அடைபட்ட திரவத்துக்கு அவ்வளவு வலிமை!

விமானத்தில் இந்த வேலையைச் செய்வது ஒரு தனி வகைத் திரவம். 737 விமானத்தில் அதன் அழுத்தம், கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல சுமார் 100 மடங்கு. சக்கரங்களை உள்ளே இழுப்பது, வெளியே இறக்குவது, இறக்கைகளிலும் வாலிலும் உள்ள பலகைகளை அசைத்து விமானத்தைத் திருப்புவது, தரையில் பிரேக் பிடிப்பது எல்லாம் இந்தத் திரவத்தின் பலத்தால்தான். அது பழுதானால் சும்மா விட முடியுமா?

ஒன்று போனால் இன்னொன்று

இங்கேதான் விமானத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். 737இல் ஹைட்ராலிக் அமைப்பு ஒன்றே ஒன்று கிடையாது. 'ஏ' என்று ஒன்று, 'பி' என்று ஒன்று, அவசரத்துக்கு உதவும் துணை அமைப்பு ஒன்று. ஆக மூன்று.

'ஏ', 'பி' ஒவ்வொன்றுக்கும் இரண்டு பம்புகள். ஒன்று எஞ்சினால் ஓடுவது. மற்றொன்று மின்சாரத்தால் ஓடுவது. இதிலும் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. 'ஏ' அமைப்பின் எஞ்சின் பம்பு இடப்பக்க எஞ்சினோடு இணைந்தது. ஆனால் அதன் மின்சார பம்புக்கு மின்சாரம் வருவது வலப்பக்க எஞ்சினின் ஜெனரேட்டரில் இருந்து! ஒரு எஞ்சின் நின்று போனாலும் இரண்டு பம்புகளும் சேர்ந்து நின்றுவிடக் கூடாது அல்லவா?

சரி, சக்கரத்தை இறக்கும் 'ஏ' அமைப்பே முழுவதும் போய்விட்டால்? விமானிகள் அறையின் தரையில் ஒரு சிறிய மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள். அவற்றைக் கையால் இழுத்தால் பூட்டு விடுபடும். சக்கரங்கள் தம் சொந்த எடையாலேயே கீழே இறங்கிவிடும். புவிஈர்ப்பு விசைக்குப் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்!

இரண்டு பெரிய அமைப்புகளும் போய்விட்டால்கூட, கம்பி வடங்கள் வழியாகக் கையின் பலத்தாலேயே விமானத்தைத் திருப்ப முடியும். ஆனால் மிகவும் கனமாக இருக்கும். விமானி வியர்த்துவிடுவார்.

நம் மலைப்பாதையில் இறங்கும் பேருந்தை நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது இல்லை. செகண்ட் கியரில் போட்டு, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி செய்கிறார். பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் நம்பாமல் இன்னொன்றையும் கையில் வைத்திருப்பது மலை ஓட்டுநருக்கும் விமானிக்கும் பொதுவான பாடம்.

பொத்தானை மனப்பாடம் செய்தால் போதாதா?

விமானிகள் அறையில் நூற்றுக்கணக்கான விளக்குகளும் சுவிட்சுகளும் இருக்கும். அவை இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. எது எதை நம்பி இருக்கிறது என்பது விமானிக்குத் தெரிய வேண்டும்.

ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வைத்துக் கொள்வோம். 'இந்தப் பம்பில் அழுத்தம் குறைந்துவிட்டது' என்பது அதன் பொருள். விமானியின் மனதில் அடுத்தடுத்துக் கேள்விகள் எழும். பம்பு மட்டும் பழுதா, திரவமே கசிந்து போகிறதா? திரவம் போய்விட்டால் எந்தெந்தப் பாகம் வேலை செய்யாது? எது மெதுவாக வேலை செய்யும்? இறங்கும் நேரத்தில் எது தேவைப்படும்? ஓடுபாதை எவ்வளவு நீளம் வேண்டும்?

சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே கவனிக்க வேண்டும். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. நிதானமாகப் பார்த்துச் செய்யலாம். எதற்கு அவசரப்பட வேண்டும், எதற்கு அவசரப்படக் கூடாது என்று தெரிவதே பாதி வெற்றி.

விமானிகளுக்கு உலகம் முழுவதும் சொல்லித் தரும் வரிசை ஒன்று உண்டு. முதலில் விமானத்தை ஒழுங்காகப் பறக்க விடு. அடுத்து, எங்கே போகிறோம் என்று பார். அதன் பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசு. கோளாறைப் பார்க்கும் பதற்றத்தில் பறப்பதையே மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை.

பட்டியல் பிறந்த கதை

கோளாறு வந்தால் விமானிகள் ஒரு கையேட்டைத் திறந்து படிக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? "இவ்வளவு படித்தவர்களுக்குப் புத்தகம் எதற்கு?" என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு சோகமான கதை இருக்கிறது.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் நான்கு எஞ்சின் கொண்ட புதிய விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. ஓட்டியவர்கள் மிகுந்த அனுபவசாலிகள். விமானம் செங்குத்தாக மேலே ஏறி, நிலைகுலைந்து விழுந்து எரிந்தது. விமானிகள் இருவர் இறந்தார்கள்.

எஞ்சினில் கோளாறா? இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது வால் பலகைகள் காற்றில் ஆடாமல் இருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். கிளம்பும் முன் அதை எடுத்துவிட மறந்து போனார்கள். அவ்வளவுதான்!

அதன் பிறகு விமானிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். அறிவு குறைவால் வந்த விபத்து அல்ல இது. நினைவு தவறியதால் வந்தது. ஆகவே, கிளம்பும் முன், பறக்கும்போது, இறங்கும் முன் என்று செய்ய வேண்டியவற்றைச் சிறு பட்டியலாக எழுதி வைத்துக் கொண்டார்கள். அதே விமானம் பிறகு பி-17 என்ற பெயரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அன்று பிறந்த செக்லிஸ்ட் இன்று உலகத்தின் எல்லா விமானங்களிலும் இருக்கிறது. அறுவை சிகிச்சைக் கூடங்களிலும் மருத்துவர்கள் இதே முறையைப் பின்பற்றுகிறார்கள்.

விமானத்தில் இரண்டு விமானிகள் இருப்பார்கள். ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் கவனித்துக் கொண்டே பட்டியலைப் படிப்பார். ஒருவர் ஒரு வரியைப் படிக்க, செய்ததைச் சரிபார்த்து மற்றவர் பதில் சொல்ல வேண்டும். கேப்டன் தவறு செய்தால் இளைய விமானி தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும். அது மரியாதைக் குறைவு ஆகாது, அவருடைய கடமை!

ஏன் சுற்றினார்கள்?

இப்போது திருச்சி வானத்துக்குத் திரும்புவோம்.

சார்ஜாவுக்குச் சுமார் நான்கு மணி நேரப் பயணம். அதற்கு வேண்டிய எரிபொருள் முழுவதும் விமானத்தில் இருந்தது. கிளம்பும்போது இருக்கும் எடையோடு விமானம் இறங்குவது நல்லதல்ல. 737-800 விமானம் அதிகபட்சம் சுமார் 79 டன் எடையோடு கிளம்பலாம். ஆனால் இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும்.

எடை கூடினால் என்ன ஆகும்? கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் லாரியையும், காலியாக இறங்கும் லாரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எதை நிறுத்துவது கடினம்? விமானமும் அப்படித்தான். இறங்கும் வேகமே மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் இருக்கும். எடை கூடக் கூட அந்த வேகமும் கூடும். நிற்பதற்கு நீண்ட தூரம் வேண்டும். திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஹைட்ராலிக் கோளாறும் இருக்கும்போது எடையைக் குறைத்துக் கொள்வதுதானே புத்திசாலித்தனம்?

சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே வெளியேற்றும் வசதி உண்டு. 737இல் அது கிடையாது. பறந்து பறந்துதான் எரித்துத் தீர்க்க வேண்டும். ஆகவேதான் வட்டமடித்தார்கள். கீழே இருந்து பார்த்தவர்களுக்கு அது தவிப்பாகத் தெரிந்தது. மேலே, எஞ்சின்கள் இரண்டும் ஓடிக் கொண்டிருந்தன. எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கொண்டிருந்தது. அந்த நேரத்தை விமானிகள் தங்களுக்குச் சாதகமாக்கிக் கொண்டார்கள். பிறகு முறையாக இறங்கினார்கள். முதலமைச்சர் முதல் பொதுமக்கள் வரை எல்லோரும் அவர்களைப் பாராட்டினார்கள்.

பழகிய கைகள்

இந்த நிதானம் ஒரே நாளில் வந்துவிடாது. நம் நாட்டில் பயணிகள் விமானம் ஓட்டும் உரிமத்துக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதன் பிறகு, ஓட்டப் போகும் ஒவ்வொரு ரக ஜெட் விமானத்துக்கும் தனிப் பயிற்சி. பேருந்து ஓட்டத் தெரிந்தவர் உடனே ரயில் ஓட்ட முடியாது அல்லவா?

அத்துடன் ஆண்டுக்கு இரண்டு முறை 'சிமுலேட்டர்' என்ற போலி விமானத்தில் தேர்வு. அசல் விமானிகள் அறையைப் போலவே இருக்கும். ஆனால் தரையை விட்டுப் பறக்காது. பயிற்சியாளர் ஒரு பொத்தானைத் தட்டுவார்: எஞ்சினில் தீ! இன்னொன்றைத் தட்டுவார்: ஹைட்ராலிக் காலி! கேப்டனாக இருபது ஆண்டு அனுபவம் இருந்தாலும் இந்தத் தேர்வில் இருந்து தப்ப முடியாது. அங்கே பலமுறை பார்த்த கோளாறுதான் என்றாவது ஒரு நாள் நிஜமாக வரும்போது, கை நடுங்காது.

செய்து பாருங்கள்

மருந்துக் கடையில் ஊசி இல்லாத புதிய சிரிஞ்சுகள் இரண்டு வாங்கித் தரும்படி பெரியவர்களிடம் கேளுங்கள். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. பயன்படுத்திய சிரிஞ்சைத் தொடவே கூடாது! இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, முனைகளை இறுக்கமான மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணையுங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது.

சிறியதை அழுத்துங்கள். பெரியது மெதுவாக நகரும். ஆனால் அதிக பலத்தோடு நகரும். அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்துத் தூக்கிப் பாருங்கள். இப்போது குழாயில் சிறு துளை போட்டுவிட்டு மீண்டும் அழுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சும், புத்தகம் எழும்பாது. ஹைட்ராலிக் கோளாறு என்றால் என்ன என்பது உங்கள் விரலுக்கே புரிந்துவிடும்.

அடுத்த முறை பேருந்தில் முன் இருக்கை கிடைத்தால், மலைப்பாதையில் ஓட்டுநரின் கையையும் காலையும் கவனியுங்கள். வளைவுக்கு முன்பே கியரை மாற்றுகிறாரா? எதற்காக மாற்றினார் என்று நீங்களே யோசித்து விடை கண்டுபிடியுங்கள். விமானியின் முதல் பாடம் அதுதான்!