கறுப்பு நீரும் சிப்பிக் காளானும்

“ஆலிவ் எண்ணெய் எடுக்க ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லையே, அந்த ஆலையின் கழிவுநீர் எப்படி ஆற்றைக் கெடுக்கும்?” என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பழத்தின் சாறே கெடுத்துவிடும்.

அரைத்த விழுதோடு வெந்நீர் சேர்த்துச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கும் ஆலைகளில், ஒரு டன் பழத்துக்குச் சுமார் 1,000 லிட்டர் கழிவுநீர் வெளியேறும். வீட்டுச் சாக்கடையைப் போல நூறு மடங்கு ஆக்சிஜனை அது உறிஞ்சக்கூடும். ஆற்றில் கலந்தால் மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும்.

சாக்கடையைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள்கூட இதில் திணறுகின்றன. காரணம் பாலிஃபீனால்கள். பூச்சியும் கிருமியும் அண்டாதிருக்க ஆலிவ் மரம் பழத்தில் சேர்த்துவைக்கும் கசப்பு அது. வாழைப்பூ ஆய்ந்தால் என் விரல்கள் கறுத்துப்போகும். அங்கே காற்றுப்பட்டுக் கறுப்பதும் இதே இனத்துப் பொருள்தான். உடம்புக்கு நல்லது என்று எண்ணெய்ப் புட்டியில் இதைத்தான் பெருமையாக அச்சிடுகிறார்கள். ஆனால் பழத்தில் உள்ளதில் ஏறக்குறைய 2 சதவீதமே எண்ணெயில் சேர்கிறது. மற்றதெல்லாம் நீரோடும் சக்கையோடும் போய்விடுகிறது.

இந்தக் கசப்புக்கு அஞ்சாத உயிர் ஒன்று உண்டு: நாம் குழம்பு வைக்கும் சிப்பிக் காளான். பட்ட மரத்தில் முளைக்கும் காளான் அது. கட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினும் ஃபீனால் கூட்டுப்பொருள்தான். அதை உடைக்கச் சுரக்கும் லாக்கேஸ் என்ற நொதியே ஆலிவின் பாலிஃபீனால்களையும் சிதைக்கிறது. சோதனைகளில் நீரின் கறுப்பு வெளுத்து, நச்சும் தணிகிறது. அப்புறம் பாக்டீரியாக்களை விட்டால், மிச்சத்தைத் தின்று மீத்தேன் வாயு தரும்.

செக்கிலிருந்து வழியும் இந்த நீர் பாய்ந்த நிலம் கறுத்து மலடாகும் என்று ரோமானியரான வார்ரோ கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதினார். ஸ்பெயின் இதை ஆற்றில் விடத் தடை விதித்ததோ 1981-இல்தான். 1990-களில் வெந்நீர் அதிகம் வேண்டாத இயந்திரங்கள் அங்கே பரவின. கழிவுநீர் குறைந்தது, ஆனால் அந்தக் கசப்பெல்லாம் ஈரச் சக்கையில் தங்கிவிட்டது. அதையும் யாராவது பக்குவப்படுத்தித்தான் ஆகவேண்டும்.

வருஷத்தில் சில மாதங்களே ஓடும் சிறு ஆலை, தனக்கென்று ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது கஷ்டம். பல ஆலைகள் கூடி ஒன்று கட்டலாம், அரசு கைகொடுக்கலாம். அந்தச் செலவு எண்ணெய் விலையில் ஏறினால் வாங்குபவர் முணுமுணுக்கக் கூடாது. இன்று அதை ஆற்றங்கரைக்காரர்கள் அல்லவா கட்டிக்கொண்டிருக்கிறார்கள்?