கட்டளையாற் கழற்றும் முறை

கணினியிற் செருகிய நினைவுக்கோலைக் கையாற் பிடுங்குதல் எளிது. ஆயினும் அது முறையன்று. கோப்பு முற்றாகப் பிரதி செய்யப்பட்டதெனத் திரை கூறிய பின்னரும், எழுதும் வேலை முடியாதிருத்தல் கூடும். அதன் காரணத்தையும், கட்டளை வரியினின்று அக்கோலைக் கழற்றுமாற்றையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியின் உள்நினைவகம் மிக விரைவானது. நினைவுக்கோலோ பன்மடங்கு தாமதமானது. ஆதலின் பணிசெயல் முறைமையானது, எழுதவேண்டியவற்றை முதலில் உள்நினைவகத்தில் ஏற்றுப் பின்னரே கோலிற் பதிக்கின்றது. லினக்ஸ் முறைமையின் வழமையான அமைப்பில், இத்தகைய தரவு 30 செக்கன் வரை நிலுவையாய் நிற்றல் கூடும். வணிகன் பகலிற் குறிப்பேட்டில் எழுதியதை மாலையிற் பேரேட்டிற் பதிவதை இஃது ஒக்கும். இடையிற் குறிப்பேடு தொலையின் பேரேடு பிழைபடும். அவ்வாறே, கோப்புக்களின் இருப்பிடங் காட்டும் அட்டவணை பாதி எழுதப்பட்ட நிலையிற் கோல் பிடுங்கப்படின், புதிய கோப்பு மாத்திரமன்றிப் பழைய கோப்புக்களும் அழிதல் கூடும்.

1969இல் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யுனிக்ஸ் முறைமையை ஆக்கத் தொடங்கினர். அக்காலத்துப் பணியாளர் நாடாச் சுருளையும் வட்டுத் தொகுதியையும் கையாற் பொறியில் ஏற்றினர். அச்செயலின் பெயரே 'மவுண்ட்' என்னும் கட்டளையாயிற்று. இறக்குங் கட்டளை, 'அன்மவுண்ட்' என நில்லாது, ஓரெழுத்துக் குறைந்து 'யுமவுண்ட்' என வழங்குகின்றது.

லினக்ஸிற் கழற்றும் முறை மூன்று படிகளை உடையது. முதலாவது, 'எல்.எஸ்.பி.எல்.கே.' என்னுங் கட்டளையாற் கோலின் பெயரை அறிதல். இரண்டாவது, அப்பெயரைச் சுட்டி 'யுமவுண்ட்' கட்டளையை இடுதல். நிலுவைத் தரவு முழுவதும் பதிந்து கோப்புமுறை மூடப்பட்ட பின்னரே இக்கட்டளை மீளும். மூன்றாவது, 'இஜெக்ட்' கட்டளையாற் சாதனத்தை விடுவித்தல். இறுவட்டாயின் இக்கட்டளை அதன் தட்டையும் வெளியே தள்ளும். 'சிங்க்' என்னுங் கட்டளையும் நிலுவையைப் பதிப்பிக்கும். எனினும் அதன்பின் நிகழும் புதிய எழுத்தை அது தடுக்காமையால், தனித்து அமையாது.

சிலவேளை, 'இலக்கு வேலையில் உள்ளது' என இறக்கம் மறுக்கப்படும். ஏதோவொரு செயலி கோப்பொன்றைத் திறந்து வைத்திருத்தலே பெரும்பாலும் இதன் காரணமாம். கட்டளையிடுவோர் தாமே அக்கோலின் அடைவுக்குள் நிற்பதுமுண்டு. அமர்ந்த கிளையைத் தானே வெட்ட முயல்வதை இது போலும். 'சிடி' கட்டளையால் வெளியேறின் தடை நீங்கும். பிறவற்றை 'எல்.எஸ்.ஓ.எப்.' காட்டும். இவ்விடத்துச் சிலர் 'யுமவுண்ட்' கட்டளையோடு 'எல்' என்னுங் குறியைச் சேர்ப்பர். அது பெயரை உடனே நீக்கினும், மெய்யான இறக்கத்தைப் பிற்போடுகின்றது. கட்டளை வெற்றி பெற்றதென எண்ணிக் கோலைப் பிடுங்குவோர் ஆய்வேட்டையே இழத்தல் கூடும்.

ஆகவே மறுப்புரையைத் தடையெனக் கருதற்க. அது முடியாத வேலையை அறிவிக்கும் எச்சரிக்கையேயாம். காரணத்தைக் கண்டு நீக்கியபின் கழற்றுவதே முறையாகும்.