சோற்றுத் தட்டில் தொடங்கும் பாடம்

சிப்பிப்பாறை நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர்களில் ஒருவராவது நின்று கேட்பார்: "ஏங்க, இதுக்குச் சோறே போடுறதில்லையா?" ஒட்டிய வயிறு, ஒடுங்கிய இடுப்பு, தோலுக்கடியில் லேசாகத் தெரியும் விலா எலும்பு. இவை பட்டினியின் அடையாளம் அல்ல. கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாயின் உடல்வாகு அது. ஊர் வாய்க்குப் பயந்து இரண்டு கை சோறு கூடுதலாகப் போட ஆரம்பிக்கும்போதுதான் அந்த நாய்க்குக் கெடுதல் தொடங்குகிறது.

வயிறு நிறையப் போடுவதுதான் பாசம் என்ற நினைப்பை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று தின்பதைவிட 25 சதவீதம் குறைவாக மற்றொன்றுக்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவற்றில் பாதி 13 வயதைத் தாண்டின. மற்ற கூட்டத்தில் அந்த வயது 11.2 தான். மூட்டு நோயும் அளவாகத் தின்ற நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருட ஆயுளைத் தட்டில் போடும் அளவே தீர்மானித்திருக்கிறது.

உங்கள் நாய் சரியான எடையில் இருக்கிறதா என்று பார்க்கத் தராசு கூடத் தேவையில்லை. விலாவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது.

அரிசிச் சோறு நாய்க்கு ஆகாது என்று சிலர் அடித்துச் சொல்வது சரியல்ல. மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து, மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை ஓநாயைவிடப் பல மடங்கு நாய் பெற்றுவிட்டது என்பதை 2013-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் மரபணு வழியாகவே காட்டிவிட்டார்கள். கிராமங்களில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் தின்றே நாட்டு நாய்கள் வளர்ந்தன. ஆனால் அவை காடு கரை சுற்றி எலி, ஓணான் என்று தாமும் தேடிக்கொண்டவை. மாடி வீட்டில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு நாம் போடுவது மட்டும்தான் கதி. தயிர்சாதத்தை மட்டும் போட்டு வளர்த்தால் தசை கரையும், முடி கொட்டும். வேகவைத்த கோழி, முட்டை, மீன் இவற்றில் ஒன்று தினமும் இருக்கட்டும். கூடவே கொஞ்சம் கேரட், பூசணி. உப்பு, காரம் வேண்டாம்.

நம் சமையலறையில்தான் ஆபத்தும் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மிச்சமான பிரியாணியையும் குழம்புச் சோற்றையும் வைக்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. திராட்சை, கிஸ்மிஸ் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் மிகுந்தது புளி. புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களும் பதிவாகியிருப்பதால் சாம்பாரும் ரசமும் நாய்த் தட்டுக்கு வரவே கூடாது. சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சுதான். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். கறியை மட்டும் பிய்த்துப் போடுங்கள்.

வளரும் குட்டிக்குக் கறியும் சோறும் மட்டும் போதாது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் கால் வளையும்; அதிகமானாலும், குறிப்பாகப் பெரிய இனங்களுக்கு, எலும்பு கெடும். ஆகவே கால்சியம் டானிக்கைக் கடையில் கேட்டு வாங்கி ஊற்றாமல், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். குட்டிகளுக்கான தீவனப் பாக்கெட் வாங்கிப் போடுகிறவர்கள் கூடுதலாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

நேரம் தவறாமல் சாப்பிடும் நாய்க்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. நான்கு மாதம் வரை நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை. கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டு நிறைந்திருந்தால், உங்கள் கையிலுள்ள ஒரு துண்டு கோழிக்கு என்ன மதிப்பு?

சாப்பாட்டுக்குச் சற்று முன், பசி இருக்கும் நேரமே பாட நேரம். ஐந்து நிமிடம் போதும். விரல் நுனி அளவுக் கறித்துண்டை மூக்கருகே காட்டி, மெதுவாக நெற்றிக்கு மேலே கொண்டுபோங்கள். தலை அண்ணாந்தால் பின்பக்கம் தானாகத் தரையில் படியும். படிந்த அந்த நொடியே துண்டு வாய்க்குப் போக வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. அசைவு பழகிய பிறகு "உட்கார்" என்று சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "உட்கார்", பிள்ளை "சிட்", பாட்டி "குந்து" என்றால் குட்டி யார் பேச்சைக் கேட்கும்? பாடத்தில் கொடுத்த கறியை அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கழித்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது "வா". சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்து விரட்டும் நாய்கள். பூனை ஒன்று குறுக்கே ஓடினால் சாலையில் லாரி வருவது அவற்றுக்குத் தெரியாது. எனவே திறந்த வெளியில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். வீட்டுக்குள் கூப்பிட்டு, வந்தவுடன் நல்ல துண்டு கொடுத்துப் பழக்குங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: "வா" என்று அழைத்து, வந்த நாயை அடித்தால் அது அடுத்த முறை வராது. குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ வேண்டுமானால் நீங்கள் அதனிடம் போங்கள்.

சாப்பிடும் நாயின் தட்டில் கைவிட்டுச் "சோதிக்கும்" பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது உறுமலையும் கடியையும்தான் கற்றுக்கொடுக்கும். அருகே போகும்போதெல்லாம் ஒரு துண்டு முட்டையைப் போட்டுவிட்டு விலகினால், ஆள் வருவதை நாய் ஆசையோடு எதிர்பார்க்கும். உறுமுகிற நாயை அடிக்கவும் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால் எச்சரிக்காமலே கடிக்கும். சாப்பிடும் நாயிடம் குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

குட்டியை வாங்கும் எண்ணம் இருந்தால், எட்டு வாரம் தாயிடம் பால் குடித்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி எடை போட்டு, குடற்புழு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் தேதி குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம்.