பிசீனுக்குள் போன பொட்டாசியம்

பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் கசடிலிருந்து கிடைக்கும் ஹைட்ரோகார்பன் பிசீன். ஒரு மூலக்கூறில் 22 கார்பன், 14 ஹைட்ரஜன். ஐந்து பென்சீன் வளையங்கள் படிக்கட்டு போல ஏறி இறங்கி ஒட்டியிருக்கும். தனியே விட்டால் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. அதை 18 கெல்வினில், அதாவது மைனஸ் 255 டிகிரி செல்சியஸில், மீக்கடத்தியாக மாற்றிவிட்டதாக 2010-ல் ஜப்பானின் ஒக்கயாமா பல்கலைக்கழகத்தில் யோஷிஹிரோ குபோசோனோவின் குழு அறிவித்தது. இயற்பியலாளர்கள் அசந்துபோனார்கள்.

செய்முறை எளிது போலத் தோன்றும். பொட்டாசியம் காற்றுப் பட்டாலே கறுத்துவிடும் உலோகம். எனவே ஆக்சிஜனும் ஈரமும் இல்லாத பெட்டிக்குள் வைத்துத்தான் அதை வெட்டி, பிசீன் பொடியுடன் கண்ணாடிக் குழாயில் போடுவார்கள். காற்றை உறிஞ்சி, குழாயை உருக்கி மூடி, 440 கெல்வினில் நாள்கணக்காகச் சூடேற்றுவார்கள். வெள்ளைப் பொடி கறுப்பாகும். பொட்டாசிய அணு தன் கடைசி எலெக்ட்ரானைப் பிசீனிடம் கொடுத்துவிடும். மூலக்கூறு ஒன்றுக்கு மூன்று பொட்டாசியம் என்ற அளவை ஒட்டித்தான் மீக்கடத்தல் தென்பட்டது.

மீக்கடத்தியில் மின்தடை துளியும் இராது. காந்தப்புலத்தையும் அது வெளியே தள்ளும். கறுப்புப் பொடியைக் குளிர்வித்தபோது இந்த இரண்டாவது குணம்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஆனால் சில மாதிரிகளில் 7 கெல்வினில், சிலவற்றில் 18 கெல்வினில்! அதுவும் பொடியின் சிறு பங்கு மட்டுமே காந்தப்புலத்தைத் தள்ளியது. பிறகு பிசீனைப் போலவே வளையங்கள் ஒட்டிய ஹைட்ரோகார்பன்களான ஃபினாந்திரீனில் 5 கெல்வின், டைபென்சோபென்டசீனில் 33 கெல்வின் என்று அறிக்கைகள் வந்தன.

இந்த எண்களைவிட முக்கியமான கேள்வி, மீக்கடத்தியது எந்தப் பொருள் என்பதுதான். சூட்டில் பொட்டாசியம் ஹைட்ரோகார்பனைச் சிதைத்தும் விடும். குழாயில் கலவைதான் மிஞ்சும். படிக அமைப்பு தெரியாமல் எந்தக் கோட்பாட்டையும் சோதிக்க முடியாது. அந்த வகையில், லிவர்பூலில் மேத்யூ ரொசைன்ஸ்கியின் குழு 2017-ல் வெளியிட்ட வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். உலோகத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ரைடைப் பயன்படுத்தி, எலெக்ட்ரான் கொடுக்கும் வலிமையைக் கட்டுப்படுத்தி, மூலக்கூறுக்கு இரண்டு பொட்டாசியம் கொண்ட தெளிவான பிசீன் படிகத்தை எடுத்தார்கள். இதேபோல் உலோகத்தை உள்ளே ஏற்கும் கிராஃபைட்டில் அது உட்கார இடம் முன்பே தயாராக இருக்கும். பிசீனிலோ நெருக்கியடித்து நிற்கும் மூலக்கூறுகள் திரும்பி நின்று, பொட்டாசியத்துக்கு இடம்விட வேண்டியிருக்கிறது. இது அந்தப் படிகத்தில்தான் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று பொட்டாசியம் கொண்ட படிகத்தையும் இதே தெளிவோடு எடுத்தால்தான் 18 கெல்வினுக்குக் கணக்குத் தீரும்.