கெங்குவார்பட்டியில் வீடு வாங்குதல்

கெங்குவார்பட்டி, தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், வத்தலக்குண்டுக்கும் தேவதானப்பட்டிக்கும் இடையே அமைந்துள்ளது. மலைச்சாலை தொடங்கும் காட்ரோடு அருகில் உள்ளது. மலையில் தலையாறு அருவியாக விழுந்து இறங்கும் மஞ்சளாறு இப்பகுதியின் நீராதாரம். நெல், தென்னை, மா ஆகியவை சுற்றுவட்டாரத்தின் முக்கியப் பயிர்கள். மாவட்டத்தின் எல்லையில் இருப்பதால் இவ்வூர் மக்கள் கடைகண்ணிக்கு வத்தலக்குண்டுக்கும், வட்டாட்சியர் அலுவலக வேலைக்குப் பெரியகுளத்துக்கும் போய்வருகின்றனர்.

இத்தகைய ஊரில் வீடு வாங்குவது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே பத்திரத்தில் போடும் செயல். விலை நகரத்தைவிடக் குறைவு. சிக்கல் குறைவு என்று சொல்ல முடியாது. கட்டுமான நிறுவனம் கட்டி விற்கும் அடுக்ககத்தில் உரிமைத் தொடர் சில ஆவணங்களில் முடிந்துவிடும். மூன்று தலைமுறை வாழ்ந்த ஓட்டு வீட்டில் அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

நத்தம் வீடுகள்

ஊரின் பழைய தெருக்களில் உள்ள வீடுகள் பொதுவாகக் கிராம நத்தத்தில் அமைந்தவை. நத்தம் என்பது குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம். பல வீடுகளுக்கு மூலப்பத்திரமே இருக்காது. நீண்டகால அனுபவமும் வீட்டு வரி ரசீதும்தான் ஆதாரம். பின்னாளில் நடந்த நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்து நத்தம் பட்டா வழங்கப்பட்டது. ஆனால் பட்டா உரிமை ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. அண்ணன் பெயரில் பட்டா இருப்பதால் தம்பி, தங்கைகளின் பங்கு மறைந்துவிடாது.

பத்திரப்பதிவும் அப்படித்தான். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்படுவது ஆவணம். உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே நிலப் பதிவகம் உரிமையையே பதிவு செய்கிறது. பதிவேட்டுத் தவறால் ஒருவர் இழப்படைந்தால் இழப்பீடும் வழங்குகிறது. விற்கப்படும் நிலத்தை இவ்வாறு பதிவது 1990 டிசம்பர் முதல் இங்கிலாந்து, வேல்சு முழுவதும் கட்டாயம். தமிழ்நாட்டில் விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று தேடும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

அந்தத் தேடலுக்கு முதல் கருவி வில்லங்கச் சான்று. வழக்கறிஞர்கள் வழக்கமாகக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்க்கச் சொல்வர். சான்றில் வில்லங்கம் இல்லை என்று வந்தவுடன் பலர் முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, இறந்தவரின் வாரிசுகள் யார் யார் என்பவை எதுவும் அதில் வராது.

வாரிசு விஷயத்தில்தான் அதிகக் கிரயங்கள் பின்னாளில் வழக்காகின்றன. இந்துக் குடும்பத்தில் தந்தை சுயமாகச் சம்பாதித்த வீட்டை உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது, அது 25.03.1989க்கு முன் திருமணமான மகள்களுக்குப் பொருந்தவில்லை. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை தந்தது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. ஆகவே, “சீர் செய்து கட்டிக் கொடுத்தாச்சு, அதுக்கு இதில் பாத்தியம் இல்லை” என்ற பேச்சை நம்பிப் பத்திரம் முடிப்பது ஆபத்து. வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். பங்குதாரர் மைனர் என்றால் நீதிமன்ற அனுமதி தேவையா என்று வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது ஒத்தி. மதுரை, தேனி வட்டாரங்களில் வாடகைக்குப் பதிலாக ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து வீட்டில் குடியிருக்கும் வழக்கம் பரவலானது. தொகை திரும்பக் கிடைக்கும்வரை ஒத்திதாரர் வீட்டைக் காலி செய்ய மாட்டார். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. ஆனால் வீட்டில் ஒருவர் நேரடியாகக் குடியிருந்தால், அவருடைய உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சொத்துரிமை மாற்றுச் சட்டம் கொள்கிறது. “எனக்குத் தெரியாது” என்று பின்னர் சொல்ல இயலாது. எனவே குடியிருப்பவரிடம் நேரில் கேட்பது, எந்தச் சான்றையும்விடப் பயன் தரும்.

பழைய பத்திரங்களின் நான்கு மால் விவரமும் கவனத்துக்குரியது. “இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, வீதிக்கு வடக்கு” என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கலாம். பத்திரத்தில் அளவு சென்டிலோ அடியிலோ இருக்கும், பட்டாவில் ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டரை சென்ட். இரண்டையும் ஒப்பிட்டு, பக்கத்து வீட்டார் முன்னிலையில் அளப்பது நல்லது. பொதுச்சுவர், சந்து வழியே நடைபாதை பாத்தியம், ஓட்டுத் தாழ்வார மழைநீர் எங்கே விழுகிறது என்பவை பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். சண்டை பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

புதிய மனைகள்

ஊரை ஒட்டி விவசாய நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால் கேள்வி வேறு: மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா? அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 20.10.2016 அல்லது அதற்கு முன் விற்றுப் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. மலையடிவாரம் என்பதால் மேலும் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். அந்த வருவாய்க் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்பது ஒன்று. மனை ஓடைப் புறம்போக்கைத் தொடுகிறதா என்பது மற்றொன்று. இதைப் புலப்படத்தில் காணலாம். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடை ஐப்பசி மழையில் தன் பாதையைத் தேடி வரும்.

செலவு

கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு. 20 லட்சம் ரூபாய் மதிப்புக்கு இவை மட்டும் 1,80,000 ரூபாய். பேசிய விலை அரசு வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்தாலும் வழிகாட்டி மதிப்பையே கணக்கில் கொள்வர். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை உண்டு. முன்பணம் கொடுத்து எழுதும் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். முன்பணத்தை 20,000 ரூபாய் முதல் ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

பத்திரம் கைக்கு வந்தபின் பட்டா, பேரூராட்சிச் சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு நான்கையும் பெயர் மாற்ற வேண்டும். பழைய வரி பாக்கியையும் மின் கட்டண பாக்கியையும் பத்திரம் முடிக்கும் முன்பே விற்பவரைக் கட்டச் சொல்லி ரசீதை வாங்கிக்கொள்வது வழக்கம்.